வயது போனால் அப்படித்தானா?

யாழ்ப்பாணத்தில் ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண் தன் உடம்பைப் பற்றி வாய் திறந்தால் அவளுக்குக் கிடைக்கும் முதல் மருந்து ஒரு வாக்கியம்: "உது வயசு போனா எல்லாருக்கும் வாறதுதானே." தாய் சொல்வாள், தமக்கை சொல்வாள், கோயில் வீதியில் கூட நடந்துவரும் சிநேகிதி சொல்வாள். வெளிநோயாளர் பிரிவில் வரிசையின் நீளத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் இளம் வைத்தியரும் சில வேளைகளில் அதையே சொல்லி அனுப்பிவிடுவார். செலவே இல்லாத மருந்து. பக்கவிளைவு மட்டும் பெரியது. அந்த வாக்கியத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போன பெண் அதன் பிறகு வாய் திறப்பதேயில்லை.

எதைப் பற்றிப் பேச வருகிறேன் என்பதைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். தும்மும்போதும் இருமும்போதும் சிரிக்கும்போதும் சிறுநீர் கசிவது. அவதி வந்தவுடன் மலசலகூடம் வரை போய்ச் சேர முடியாமல் தவிப்பது. கீழே ஏதோ இறங்கி முட்டுவது போன்ற பாரம். சிலருக்குக் கருப்பை உண்மையாகவே வெளியே தெரியும் அளவுக்கு இறங்கிவிடுவது. வாயுவையோ மலத்தையோ கட்டுப்படுத்த இயலாமற் போவது. கணவனோடு சேரும்போது எரிவும் நோவும். இவை வெவ்வேறு நோய்கள் போலத் தோன்றினாலும் பெரும்பாலும் இவற்றின் ஊற்று ஒன்றுதான். இடுப்பெலும்புக் கிண்ணத்தின் அடியில் இருந்துகொண்டு சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் ஆகிய மூன்றையும் தாங்கும் தசையும் நாரும் தளர்ந்துபோவதே அது.

"இதையெல்லாம் ஓர் ஆம்பிளை எழுதவேண்டுமா?" என்று கேட்பவர்கள் இருப்பார்கள். சத்திர சிகிச்சையால் பிறந்தவர்கள் நீங்கலாக நாம் எல்லோருமே அந்தத் தளத்தை விரித்து, நெரித்து, சிலரது விடயத்தில் கிழித்துக்கொண்டுதான் இந்த உலகத்துக்கு வந்தோம். அதற்குப் பின்னர் அதற்கு என்ன ஆயிற்று என்று விசாரிப்பது கூடாத காரியமாக எனக்குத் தெரியவில்லை.

முதலில் உடம்பைப் பார்ப்போம். ஏனென்றால் "வயது போனால் அப்படித்தான்" என்ற வாக்கியம் முழுப் பொய் அன்று. அரை உண்மை. முழுப் பொய்யை ஒருநாள் கண்டுபிடித்துவிடலாம்; அரை உண்மை தலைமுறை தலைமுறையாக ஓடும்.

இடுப்பின் அடித்தளத்தை விளக்க மேற்கு நாட்டு வைத்தியர்கள் ஓர் உவமை சொல்வதுண்டு. அதை எங்கள் வடமராட்சிக் கரைக்குக் கொண்டுவந்து சொல்கிறேன். துறையில் ஒரு வள்ளம் கட்டப்பட்டிருக்கிறது. அதைத் தாங்குவது தண்ணீர். கயிறுகள் அதை இடம் பெயராமல் பிடித்துக்கொள்கின்றன, அவ்வளவுதான். தண்ணீர் வற்றிவிட்டால் வள்ளத்தின் முழுப் பாரமும் கயிற்றில் தொங்கும். கயிறு கொஞ்ச நாள் தாங்கும். பிறகு நைந்து, நீண்டு, அறும். வள்ளம் என்பது கருப்பையும் சிறுநீர்ப்பையும். கயிறுகள் அவற்றைச் சுற்றியுள்ள இணைநார்கள். தண்ணீர் என்பது முன்புற இடுப்பெலும்பிலிருந்து பின்னே வாலெலும்பு வரை ஊஞ்சல் போல விரிந்திருக்கும் தசை. நாம் நிற்கும்போதும் நடக்கும்போதும் இருமும்போதும், நாம் அறியாமலே இறுகி நின்று பாரத்தைச் சுமக்கும் தசை அது.

வயது இந்த மூன்று பொருள்களின் மீது கைவைக்கிறது. தசையில் இழைகள் குறைகின்றன, மெலிகின்றன. அவற்றின் இடத்தைக் கொழுப்பும் நார்த்திசுவும் பிடிக்கின்றன. கயிற்றுக்கு உறுதி தருவது கொலாஜன் என்னும் புரதம். இளமையில் அது நனைந்த தும்புக் கயிறு போல வளையும். வயதேற ஏற அதன் இழைகளுக்கிடையே குறுக்குப் பிணைப்புகள் கூடி, வெயிலில் காய்ந்த கயிறு போல விறைத்து, வளையவேண்டிய நேரத்தில் வளையாது. இரத்தத்திலுள்ள சீனி இந்தப் பிணைப்புகளை விரைவுபடுத்தும். நீரிழிவு வீட்டுக்கு வீடு இருக்கும் எங்கள் சமூகத்துக்கு இது பொருட்படுத்தவேண்டிய செய்தி. இழுபட்டபின் பழைய நிலைக்குத் திரும்ப உதவும் எலாஸ்டின் என்ற இழையைப் பிள்ளைப்பேற்றின் பின் உடம்பு திரும்பக் கட்டவேண்டும். அதைக் கட்டத் தேவையான நொதியம் இல்லாத சுண்டெலிகளுக்குக் குட்டி ஈன்ற பின்னர் உறுப்புகள் இறங்கிவிடுவதை 2004இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அதாவது எவ்வளவு தேய்ந்தது என்பது மட்டுமன்றி, தேய்ந்ததை உடம்பு எவ்வளவு திருத்திக்கொள்கிறது என்பதும் கணக்கு.

மூன்றாவது, மாதவிடாய் நிற்றல். யோனியின் சுவர், சிறுநீர்க்குழாய், சிறுநீர்ப்பையின் அடிப்பாகம், தாங்கு நார்கள் ஆகிய எல்லாவற்றிலும் ஈஸ்ட்ரஜன் என்ற ஹோர்மோனை வாங்கிக்கொள்ளும் கலங்கள் இருக்கின்றன. ஐம்பதை ஒட்டி அந்த ஹோர்மோன் வற்றும்போது சுவர் மெலிந்து உலர்கிறது, இரத்தவோட்டம் குறைகிறது, அங்கே வாழ்ந்து காவல்செய்த நல்ல பற்றீரியாக்கள் குறைந்து, சிறுநீர்த் தொற்று அடிக்கடி வருகிறது. உறவு நோவாகிறது. "கிழவிக்கு உதெல்லாம் என்னத்துக்கு?" என்று ஊர் கேட்கும் என்று பயந்து அவள் அதைச் சொல்வதில்லை.

இவ்வளவும் வயதின் வேலை. ஆனால் இங்கேதான் அரை உண்மையின் மற்றப் பாதியைக் கவனிக்கவேண்டும். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பிள்ளை பெறாத பெண்களை மட்டும், இளவயதினர் முதல் முதியோர் வரை எடுத்து ஆராய்ந்து 2007இல் முடிவை வெளியிட்டார்கள். சிறுநீர்க்குழாயின் மூடும் வலு வயதோடு தெளிவாகக் குறைந்துகொண்டு போனது. ஆனால் உறுப்புகளைத் தாங்கும் வலுவிலும் அடித்தளத் தசையின் திறனிலும் வயதால் மட்டும் பெரிய மாற்றம் தெரியவில்லை. அப்படியென்றால் கருப்பை இறங்கிய ஒரு பெண்ணைப் பார்த்து "வயது" என்று மட்டும் சொல்வது வேறு எதையோ மறைப்பதாகும்.

எதை? பிள்ளைப்பேற்றின்போது நேர்ந்த காயத்தை. தலை வெளிவரும் நேரத்தில் அந்தத் தசை தன் இயல்பான நீளத்தின் பல மடங்கு இழுபடுகிறது. கணிசமான பெண்களுக்கு அது எலும்பிலிருந்து பிய்ந்தே விடுகிறது. ஆயுதம் வைத்து எடுத்த பேறுகளில் இது இன்னும் கூடுதல். வெளியே தையல் போட்ட காயம் ஆறும். உள்ளே பிய்ந்த தசையை யாரும் பார்ப்பதில்லை. இளவயதில் மற்றத் தசைகளும் நார்களும் அந்தக் குறையை ஈடுசெய்யும். அவளும் குழந்தையைத் தூக்குவாள், தண்ணீர் அள்ளுவாள், அடுப்புப் புகையில் இருமுவாள். இருபத்தைந்து, முப்பது ஆண்டுகள் போகும். பிறகு மாதவிடாய் நிற்கும். ஈடுசெய்த நார் தளரும். அன்று பட்ட காயம் இன்று வெளியே வரும். காயத்துக்கும் அறிகுறிக்கும் நடுவே கால் நூற்றாண்டு நிற்பதால் இரண்டையும் முடிச்சுப் போட யாருக்கும் தோன்றுவதில்லை. பழி வயதின் தலையில் விழுகிறது.

இனி எங்கள் குடாநாட்டுக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் எழுந்து நடந்தது. இலட்சக்கணக்கான சனம் மழையில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்குப் போனது. அந்தக் கூட்டத்தில் நிறைமாதக் கர்ப்பிணிகளும் இருந்தார்கள், பிள்ளை பெற்றுச் சில நாட்களேயான பச்சை உடம்புக்காரிகளும் இருந்தார்கள். தலையில் மூட்டை, இடுப்பில் மூத்த பிள்ளை, கையில் கைக்குழந்தை. அன்று இருபத்தைந்து வயதான பெண் இன்று ஐம்பதைக் கடந்து, மாதவிடாய் நின்று, சரியாக இந்தக் கட்டுரை சொல்லும் வயதில் நிற்கிறாள். மின்சாரமும் எரிபொருளும் இல்லாத தொண்ணூறுகளில் பெற்றவர்கள், ஊரடங்கு வேளையில் வலி எடுத்து விடியும்வரை வாசலைப் பார்த்துக் காத்திருந்தவர்கள், 2006 ஓகஸ்டில் ஏ9 பாதை மூடப்பட்ட பின்னர் பெற்றவர்கள், 2009இல் வன்னியில் பதுங்குகுழிக்குள் பெற்றவர்கள் என்று ஒவ்வொரு அணியாக அந்த வயதை அடைந்துகொண்டிருக்கிறார்கள்.

எங்கள் மரபில் பிள்ளைப்பேற்றுக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. முப்பத்தொராம் நாள் துடக்குக் கழிவு வரை ஓய்வு, வேது, காயச் சரக்கு, பத்தியம். அதிலுள்ள தீட்டுக் கதையை நான் ஏற்பவனல்லன். ஆனால் பாரம் தூக்காமல் கிடந்த அந்த முப்பத்தொரு நாளில் ஒரு புத்தி இருந்தது. அதற்கு வீடு வேண்டும், தாய் வேண்டும், கிணறு வேண்டும். பாடசாலைக் கட்டடத்தில் சேலையை மறைப்பாகக் கட்டிக்கொண்டு பெற்றவளுக்கு மூன்றாம் நாளே வாளியும் விறகும் காத்திருந்தன. கணவனை இழந்தோ தொலைத்தோ தனியே குடும்பம் நடத்தியவள் சீமெந்து வேலைக்கும் வெங்காயத் தோட்டத்துக்கும் போனாள். பாரம் தூக்கியவள் அவள்தான். போரின் காயங்களைக் கணக்கெடுக்கும் நாம் கை, கால், கண் என்று எண்ணுகிறோம். இந்தக் காயம் எந்தப் பட்டியலிலும் இல்லை. அதற்கு நட்டஈடு கேட்டு எவரும் பதாகை பிடித்ததும் இல்லை.

இந்தக் காயம் ஒரு பெண்ணிடமிருந்து எதைப் பறிக்கிறது என்பதையும் சொல்லவேண்டும். "சாகிற வருத்தமில்லையே" என்பது நான் அடிக்கடி கேட்கும் சமாதானம். உண்மைதான், இதனால் ஒருவரும் உடனே சாவதில்லை. கொழும்புக்கு ஏறத்தாழ 400 கிலோமீட்டர் பஸ் பயணம் என்றால் முதல்நாள் மாலையிலிருந்தே அவள் தண்ணீர் குடிப்பதை நிறுத்துகிறாள். பிறகு பயணத்தையே நிறுத்துகிறாள். நல்லூரில் இருபத்தைந்து நாளும் அடியழித்தவள் இப்போது வீட்டிலிருந்தே கும்பிடுகிறாள். கேட்டால் முழங்கால் நோ என்பாள். கலியாண வீட்டில் பின்வரிசையில், வாசலுக்குக் கிட்ட இருக்கிறாள். பழைய சேலைத் துண்டை மடித்து வைத்துக்கொள்கிறாள்; தன்னிலிருந்து மணம் வருகிறதோ என்ற பயத்தில் பேரப்பிள்ளையைக்கூட மடியில் நெடுநேரம் வைத்திருப்பதில்லை. இரவில் நாலு முறை எழுந்து இருட்டில் மலசலகூடத்துக்கு ஓடி, ஒருநாள் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிகிறது. மரணச் சான்றிதழில் எழுதப்படுவது வேறு ஏதோ ஒரு காரணம்.

இத்தனைக்கும் இது வாயடைத்த சமூகமாகப் பிறந்த சமூகம் அல்ல. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் வைத்தியசாலை நடத்தினார். மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிக்கலாம் என்று நம்பி, 1864 முதல் அப்படியே கற்பித்தும் காட்டினார். அவர் தமிழில் கொண்டுவந்த நூல்களில் ஒன்றின் பெயர் 'பிரசவ வைத்தியம்'. 1857இல் வெளிவந்தது. ஆறுமுக நாவலரின் காலம் அது! பெண்ணின் கருப்பையையும் பிறப்பு வழியையும் பற்றித் தமிழில் அச்சிட்டுப் படித்தவர்கள் அன்றைய யாழ்ப்பாணத்து இளைஞர்கள். 1898இல் இணுவிலில் பெண்களுக்கென்றே மக்லியொட் வைத்தியசாலை திறக்கப்பட்டது. பெண் வைத்தியர்கள் அங்கே பணிசெய்தார்கள். ஆண் வைத்தியரிடம் காட்ட வெட்கப்படும் பெண்ணுக்கு என்ன செய்யலாம் என்று நூற்றிருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பே யோசித்த ஊர் இது.

அந்த ஊரின் இன்றைய பத்திரிகைகளைப் பாருங்கள். பெண்கள் பக்கத்தில் முகப்பூச்சு, கூந்தல் தைலம், கத்தரிக்காய்க் குழம்பு. பல ஆண்டுகளுக்கு முன்னர் நான் இருந்த ஒரு பத்திரிகையில் கருப்பை இறக்கம் பற்றிய வைத்தியக் கட்டுரை ஒன்று "குடும்பங்கள் வாசிக்கிற பேப்பர்" என்ற காரணத்தால் திருப்பி அனுப்பப்பட்டது. அதே வாரம் ஒரு சிறுமி பாலியல் வன்புணர்வுக்கு ஆளான செய்தி, அவளுடைய கிராமம், பாடசாலை, உடுப்பின் நிறம் எல்லாவற்றோடும் முதற்பக்கத்தில் வந்தது. அதைக் குடும்பங்கள் வாசிக்கலாமாம். எங்கள் தொழிலின் நாகரிகம் இது. பெண்ணுடலுக்கு நேரும் குற்றத்தை எழுதக் கை கூசாது. அதற்கு நேரும் நோயை எழுதக் கூசும்.

சொல் இல்லாத இடத்தில் நோயும் இல்லை என்றாகிவிடுகிறது. "அடியிலை ஒரு மாதிரி" என்று தொடங்கும் தாயைக் கேட்கும் பொறுமை நெரிசலான கிளினிக்கில் எவருக்கு உண்டு? "இடுப்பு அடித்தளம்", "கருப்பை இறக்கம்", "சிறுநீர்க் கசிவு". இந்த மூன்று சொற்களும் நல்ல தமிழ். வாய்விட்டுச் சொன்னால் எந்த வீட்டுக் கூரையும் இடிந்து விழாது.

"மற்ற நாடுகளிலும் இப்படித்தானே" என்று சொல்லித் தப்ப முடியாது. நேபாளத்தில் கருப்பை இறக்கம் மலைக்கிராமப் பெண்களின் தலைவிதி என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. அங்கே சட்டத்தரணிகள் வழக்குப் போட்டார்கள். 2008இல் நேபாள உச்சநீதிமன்றம் அதை இனப்பெருக்க சுகாதார உரிமை மீறல் என்று தீர்ப்பளித்து, இலவச ஆலோசனைக்கும் சிகிச்சைக்கும் வழிசெய்யுமாறு அரசைப் பணித்தது. எங்களைவிட வறிய நாடு. அங்கே ஒரு பெண்ணின் தளர்ந்த தசை அரசமைப்புப் பிரச்சினையாயிற்று.

பிரான்சை எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளை பெற்ற பெண்ணுக்கு இடுப்பு அடித்தளத்தைத் திரும்பப் பயிற்றுவிக்கும் பத்து அமர்வுகளுக்கு அங்கே சமூகக் காப்புறுதி பணம் கொடுக்கிறது. பாரிஸ் லாச்சப்பலில் கடை வைத்திருக்கும் எங்கள் ஊர்ப் பெண் அந்தப் பயிற்சிக்குப் போய்வருகிறாள். கரவெட்டியில் இருக்கும் அவளுடைய தாய்க்கு அப்படி ஒரு பயிற்சி இருப்பதே தெரியாது. மகள் தாய்க்கு அனுப்புவது 'பம்பேர்ஸ்' பொதி. அனுப்பட்டும், தேவைதான். ஆனால் பத்து நிமிடத் தொலைபேசி அழைப்பில் தான் படித்ததைத் தாய்க்குச் சொல்லிக்கொடுக்க அவளைத் தடுப்பது எது?

இனி, "இதற்கு என்னதான் செய்யமுடியும்?" என்ற கேள்வி. செய்யமுடியும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் சாரம்.

1948இல் ஆர்னல்ட் கீகல் என்ற அமெரிக்க வைத்தியர் ஒரு பயிற்சியை எழுதிவைத்தார். வாயுவையும் சிறுநீரையும் ஒருசேர அடக்குவது போல அடித்தளத் தசையை மேல்நோக்கி இறுக்கவேண்டும். சில விநாடிகள் பிடித்து, அதே அளவு நேரம் தளரவிடவேண்டும். வயிற்றையும் தொடையையும் இறுக்கக்கூடாது, மூச்சை அடக்கக்கூடாது. ஒரு முறைக்கு எட்டுத் தடவையாவது, நாளுக்கு மூன்று முறை, குறைந்தது மூன்று மாதம். கட்டிலில் படுத்தபடியும் செய்யலாம், வரிசையில் நின்றபடியும் செய்யலாம். சிறுநீர் கழிக்கும்போது இடையில் நிறுத்திப் பழகுவது மட்டும் கூடாது. இது பாட்டி வைத்தியமல்ல. 2018இல் வெளியான கொக்ரேன் மீளாய்வின்படி, இருமும்போதும் தும்மும்போதும் கசிவுள்ள பெண்களில் இந்தப் பயிற்சியைச் செய்தவர்களில் 56 வீதமானோர் குணமடைந்ததாகச் சொன்னார்கள். செய்யாதவர்களில் 6 வீதம். வயதான தசையும் பயிற்சிக்குப் பதில் சொல்லும். நாங்கள் கேட்பதில்லை, அதுதான் குறை.

பிய்ந்த தசையைப் பயிற்சி ஒட்டவைக்காது. முற்றாக இறங்கிய கருப்பையை அது மேலே ஏற்றாது. அதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். அதற்குத் தாங்கு வளையம் இருக்கிறது. சிலிக்கனால் ஆன சிறு வளையம். வைத்தியர் அளவு பார்த்து உள்ளே பொருத்துவார். சத்திர சிகிச்சை வேண்டாதவர்களும் தாங்க முடியாதவர்களும் ஆண்டுக்கணக்காக அதோடு நடமாடலாம். உலர்வுக்கும் எரிவுக்கும் அடிக்கடி வரும் தொற்றுக்கும் உள்ளே பூசும் ஈஸ்ட்ரஜன் களிம்பு நல்ல பலன் தரும். மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் முதலில் தங்கள் வைத்தியரிடம் கேட்கவேண்டும். ஆனால் விழுங்கும் ஹோர்மோன் மாத்திரை கசிவைக் குறைக்காது, கூட்டவும் கூடும் என்று 2005இல் ஒரு பெரிய அமெரிக்க ஆய்வு காட்டியது. எல்லாவற்றுக்கும் பிறகு சத்திர சிகிச்சை இருக்கிறது.

இங்கே மறுபக்கத்து ஆபத்தையும் சொல்லாமல் விட்டால் நான் வியாபாரிகளுக்கு வேலைசெய்தவன் ஆவேன். மௌனம் கலையும் இடத்தில் முதலில் கடை விரிப்பவர்கள் அவர்கள்தான். கருப்பை இறக்கத்துக்கு யோனி வழியாக வைக்கப்பட்ட செயற்கை வலைகள் உலகெங்கும் பெண்களுக்குத் தீராத நோவையும் வலை அரித்து வெளிவரும் துன்பத்தையும் கொடுத்தன. 2019 ஏப்ரலில் அமெரிக்காவில் அவற்றின் விற்பனையை நிறுத்த உத்தரவாயிற்று. பிரித்தானியாவில் 2020இல் வெளியான கம்பர்லீஜ் அறிக்கை, அந்தப் பெண்கள் சொன்னதை வைத்தியத்துறை ஆண்டுக்கணக்காகக் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்று கடுமையாக எழுதியது. 'இளமை திரும்பும்' என்று விளம்பரம் செய்யப்படும் லேசர் சிகிச்சைகள் குறித்து அமெரிக்க அதிகாரிகள் 2018இலேயே எச்சரித்தார்கள். இந்தியாவின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்களின் கருப்பைகள் தேவையின்றி அகற்றப்பட்ட கதை 2019இல் வெளிச்சத்துக்கு வந்தது. கருப்பையை எடுத்துவிட்டால் தளம் வலுப்பெறுவதில்லை. அதே தளர்ந்த தளத்தின் வழியே பின்னாளில் யோனியின் மேற்பகுதி இறங்கலாம். ஆகவே "எடுத்துவிடுவோம்" என்று சொல்லும் வைத்தியரிடம் "எடுக்காவிட்டால் வேறு என்ன வழி?" என்று கேட்கும் உரிமை எந்தப் பெண்ணுக்கும் உண்டு.

அடுத்த ஆட்சேபம் பணம். 2022இல் நாடு வங்குரோத்தானதை நாம் எல்லோரும் வரிசையில் நின்று அனுபவித்தோம். நான் கேட்பவற்றுக்குப் பெரிய பணம் வேண்டாம். இலங்கையின் பெருமையே தாய்சேய் நலம்தான். ஏறத்தாழ எல்லாப் பிள்ளைப்பேறும் வைத்தியசாலையில் நடக்கும் நாடு இது. பிள்ளை பிறந்த சில நாட்களுக்குள் குடும்பநல உத்தியோகத்தர் வீடு தேடி வருகிறார். குழந்தையை நிறுத்துப் பார்க்கும் அந்தக் கை, தாய்க்கு அந்தப் பயிற்சியையும் சொல்லிக்கொடுத்துவிட்டு வரட்டும்; ஐந்து நிமிட வேலை. 1996 முதல் சுகவனிதையர் கிளினிக் நாடெங்கும் இயங்குகிறது. முப்பத்தைந்து வயதுப் பெண்ணைக் கூப்பிட்டுக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கும் மார்பகத்துக்கும் இரத்த அழுத்தத்துக்கும் சீனிக்கும் பார்க்கிறார்கள். அங்கே ஒவ்வொரு பெண்ணிடமும் மூன்று கேள்விகள் தவறாமல் கேட்கப்படவேண்டும்: சிறுநீர் கசிகிறதா? கீழே ஏதாவது இறங்குகிறதா? மலத்தை அடக்க முடிகிறதா? அவள் தானாகச் சொல்லட்டும் என்று காத்திருந்தால் அவள் சாகும்வரை காத்திருக்கவேண்டியதுதான். ஐம்பது, அறுபது வயதுக்காரியையும் அதே கிளினிக்குக்கு அழைத்து அதே கேள்விகளைக் கேட்கவேண்டும். வடக்கின் ஒவ்வொரு ஆதார வைத்தியசாலையிலும் இந்தப் பயிற்சி தெரிந்த பெண் இயன்மருத்துவர் ஒருவராவது இருக்கவேண்டும். போர்க்காலத்தில் பெற்ற தாய்மாரை முதலில் தேடிப் போகவேண்டும். இதற்கு மாகாண சுகாதாரத் திணைக்களத்துக்குக் கொழும்பின் அனுமதியோ சர்வதேச மாநாடோ தேவையில்லை.

எங்கள் அரசியல்வாதிகளையும் கேட்கவேண்டியிருக்கிறது. மேடையில் 'வீரத்தாய்' என்று விளிப்பதில் அவர்களை மிஞ்ச ஆளில்லை. அந்த வீரத்தாய் கூட்டம் முடியும்வரை ஒரு கதிரையில் தொடர்ந்து இருக்கமுடியாமல் தவிக்கிறாள் என்பது மேடையிலிருப்பவருக்குத் தெரியாது. கூட்டம் நடக்கும் மைதானத்தில் பெண்களுக்கு ஒரு மலசலகூடம் இருக்கிறதா என்று எந்த ஏற்பாட்டாளராவது பார்த்ததுண்டா? தாய்மையை வணங்குவது இலகு. அதற்குச் செலவு ஒரு மாலை மட்டுமே. தாயாகியதால் பட்ட காயத்தைக் கவனிப்பதற்குத்தான் மனம் வேண்டும், நிர்வாகம் வேண்டும், பெண்ணை ஒரு வயிறு என்பதற்கு மேலாகப் பார்க்கும் கண் வேண்டும்.

கடைசியாக வெட்கம். வெட்கம் பெண்களின் இயல்பு என்றும் எங்கள் பண்பாடு என்றும் சொல்கிறார்கள். இதை நான் நம்பத் தயாராக இல்லை. துலாவில் தண்ணீர் இறைத்த தலைமுறையின் கிழவிகள் தங்களுக்குள் எவ்வளவு வெளிப்படையாகப் பேசினார்கள் என்று கேட்டவர்களுக்குத் தெரியும். வெட்கம் அவளுடையதன்று, கேட்கத் தயாரில்லாத எங்களுடையது. கணவன் கேட்பதில்லை, மகன் கேட்பதில்லை, வைத்தியர் கேட்பதில்லை, பத்திரிகை அச்சிடுவதில்லை. நாலு கதவையும் பூட்டிவிட்டு "அவள் வெளியே வரவில்லையே" என்கிறோம்.

வயது வரும். தசை மெலியும், நார் விறைக்கும், ஹோர்மோன் வற்றும். இதை எந்த அரசும் எந்த வைத்தியரும் நிறுத்தமுடியாது. ஆனால் கண் மங்கினால் கண்ணாடி போடுகிறோம். பல் விழுந்தால் பல் கட்டுகிறோம். முழங்கால் தேய்ந்தால் வெளிநாட்டுப் பிள்ளைகளிடம் காசு வாங்கி மாற்றுகிறோம். அங்கெல்லாம் "வயது போனால் அப்படித்தான்" என்று சொல்லிவிட்டுச் சும்மா இருந்தவர்கள் இல்லை. அந்த வாக்கியத்தை நாங்கள் பத்திரமாக எடுத்துவைத்திருப்பது பெண்ணின் இடுப்புக்குக் கீழே உள்ள நோய்க்கு மட்டும்தான்.

இந்தக் கட்டுரையை ரொறன்ரோவிலும் லண்டனிலும் சிட்னியிலும் இருந்து வாசிப்பவர்கள் இந்த வாரம் ஊருக்கு அழைக்கும்போது, மருந்து எடுத்தாயா, சாப்பிட்டாயா என்ற வழக்கமான கேள்விகளோடு இன்னொன்றையும் கேளுங்கள்: "அம்மா, சலம் போறதிலை, அடிப்பக்கத்திலை ஏதும் கரைச்சல் இருக்கோ?" முதல் தடவை "ஒண்டுமில்லைப் பிள்ளை" என்றுதான் பதில் வரும். இரண்டாம் தடவையும் கேளுங்கள்.